எரிமலை நாட்டில் நாற்பத்தைந்து நிமிடம்

லா சப்பல், பாரிஸ்
12.06.1987

அன்பின் மலருக்கு,

உம்முடைய கடிதம் வைகாசி முடிவில் கிடைத்தது. இரண்டே வரி. "மகனைப் போய்ப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறான்." கீழே உம்முடைய பெயர்கூட இல்லை. நான் குறை சொல்லவில்லை. செசில் தெற்கே அந்தத் தடுப்பு முகாமில் அடைபட்டு ஏழு மாதம் ஆகிறது. நீர் மாதம் ஒருமுறை மன்னாரில் இருந்து இரண்டு நாள் பயணம் செய்து, பத்து நிமிடம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறீர். நான் இங்கே றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறேன். நீண்ட கடிதம் எழுதவேண்டியவன் நான்தான்.

எழுத என்ன இருக்கிறது என்று யோசித்தேன். சென்ற கிழமை ஒரு பயணம் போய் வந்தேன். அதை எழுதுகிறேன்.

மார்க்ஸ் டோர்மோய் மெற்றோவுக்குப் பக்கத்தில் ரொபேர் என்று ஒரு பாண்டிச்சேரிக்காரர் இருக்கிறார். பிரெஞ்சுப் பிரசை, தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசையில் பழக்கம். இளம் வயதில் அவருக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது ஓவேர்ன் என்ற மலைநாட்டில். அங்கே மலை என்றால் எரிமலைதான். எல்லாம் எப்போதோ அணைந்துவிட்டன. ஆண்டுக்கு ஒருமுறை தன் பழைய பேஜோ காரில் அங்கே போய் வருவாராம். இந்த முறை வரைபடம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார். கிட்டப் பார்வை மங்கிவிட்டது, தூரம் நன்றாகத் தெரியும் என்று சத்தியம் செய்தார்.

நான் முதலில் மறுத்தேன். என் மெற்றோ மாதச் சீட்டில் பாரிஸைச் சுற்றி வட்டம் வட்டமாக எல்லை போட்டிருக்கிறது. அகதி விண்ணப்பம் போட்டவன் அந்த வட்டத்துக்கு வெளியே கால் வைக்கக்கூடாது என்று மூன்று வருடமாக நம்பியிருந்தேன். இதைச் சொன்னதும் ரொபேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னங்க மடுத்தீன், அந்த வட்டம் டிக்கெட்டுக்குப் போட்டதுங்க, மனுஷனுக்கு இல்ல!" என்றார்.

சனி காலை 5.20க்கு லா சப்பலில் இருந்து புறப்பட்டோம். இருபது வருடம் மன்னார் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளனாக இருந்தவனுக்குக் கை சும்மா இராது. எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

12.10. கிளேர்மோன் நகரம். வீடு, பாலம், பெரிய கோயில், எல்லாமே கறுப்பு. எரிமலைக் கல்லால் கட்டியவை. மழையில் நனைந்தால் இன்னும் கறுக்கிறது.

13.30. பூய் து டோம் மலை உச்சி. 1465 மீற்றர். பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. வளைவுகளில் ரொபேர் பாட்டுப் பாடினார், நான் செபமாலை சொன்னேன். மேலே நின்று பார்த்தால் வடக்கும் தெற்குமாக எரிமலைகள் வரிசையாகத் தெரிகின்றன. பனையோலைக் கடகங்களைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றின் அடியையும் கையால் அமுக்கிவிட்டதுபோல் இருக்கும். நெருப்பு வந்த வாயெல்லாம் இப்போது புல். மாடு மேய்கிறது. இளம் பெடியள் பறவைபோல் துணிச் செட்டை கட்டிக்கொண்டு உச்சியில் இருந்து ஓடிப்போய்க் குதிக்கிறார்கள். ஒருவரும் துரத்தவில்லை, தாங்களாகவே குதிக்கிறார்கள்.

15.40 முதல் 16.25 வரை, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மாதா கோயில். பழையது.

18.00. ஷம்போன் ஏரி. கரையில் மணல் கொட்டி, கூடாரம் போட இடம் விட்டு, மிதித்து ஓட்டும் வள்ளங்கள் வைத்திருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக வந்து வெயிலில் கிடக்கிறார்கள். மரநிழலைக் கண்டதும் எனக்கு மடு மாதா திருவிழாவுக்குப் போய்க் காட்டில் கூடாரம் அடிக்கிற ஞாபகம் வந்துவிட்டது. யோசிக்காமல் மூன்று கல் வைத்து, சுள்ளி பொறுக்கி, சோற்றுப் பானையை ஏற்றினேன். அரிசி ஒரு கொதி வருவதற்குள் காவலாளி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். ரொபேர் நெடுநேரம் பிரெஞ்சில் கதைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இவங்க ஊர்ல மாதா திருவிழாவுக்கு இப்படித்தான் சமைப்பாங்கன்னு சொல்லிப் பாத்தேங்க. இது மாதாவும் இல்ல, திருவிழாவும் இல்ல, முதல்ல நெருப்பை அணைன்றான்." அரை அவியல் சோற்றை மீன் டின்னோடு சாப்பிட்டோம்.

ஞாயிறு 9.15. கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறி சான்ஸி மலை. 1886 மீற்றர். ஆனி மாதத்தில் மூலைகளில் பனிக்கட்டி கிடந்தது. 11.50. பாவேன் ஏரி. எரிமலை வாயில் தண்ணீர் நிரம்பி வட்டமாக நிற்கிறது. அதில் கல் எறிந்தால் புயல் வரும் என்று ஒரு கதை இருக்கிறதாம். கையில் ஒரு கல் எடுத்திருந்தேன். பேசாமல் கீழே வைத்துவிட்டேன்.

இத்துடன் ஒரு படமும் ஒரு பூட்டுத் திறப்பும் வைக்கிறேன். படம் ரொபேர் மலை உச்சியில் எடுத்தது. திறப்பைப் பத்திரமாக வையும். எதற்கு என்று இப்போது கேட்க வேண்டாம்.

மடுத்தீன்


பேசாலை, மன்னார்
13.07.1987

செசிலின் தகப்பனாருக்கு,

நீங்கள் டிப்போவுக்கு எழுதிய அறிக்கை தவறி என் விலாசத்துக்கு வந்துவிட்டது. வாசித்தேன். எத்தனை மணிக்கு எந்த மலை, எத்தனை மீற்றர் என்றெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். மிகவும் உபகாரம்.

படத்தையும் பார்த்தேன். நான் மட்டும் பார்க்கவில்லை. தபால்காரன் கொடுத்த நேரம் பக்கத்து வீட்டுத் தில்லைநாயகி அக்கா இங்கே இருந்தா. உறை பிரிக்கும்போதே எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கடை மனிசன் நல்லாத்தான் இருக்கிறார் பிள்ளை, பல்லெல்லாம் தெரியுது" என்றா. அவ போன பிறகு நான் அடுப்படிக்குள் போய் இருந்து அழுதேன். வெந்த புண்ணில் வேல் குத்துவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தபாலில் வரும் என்று தெரியாது.

நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். ஐப்பசி மாதம் உங்களிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. செசில் பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்குப் போகும்போது 5.40 பஸ்ஸில் ஏறட்டும், விடியப்புறம் சோதனை குறைவு, அந்த ரூட் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று எழுதியிருந்தீர்கள். நான் எட்டேகால் பஸ் போதும் என்றேன். அவன்தான், "அப்பாவுக்குத் தெரியாத பஸ்ஸோ அம்மா?" என்று சிரித்துவிட்டு 5.40க்குப் போனான். அந்த பஸ்ஸைத்தான் ஆமிக்காரர் மறித்தார்கள். பத்தொன்பது வயதுக்கு மேல் கீழ் என்று பார்க்காமல் பெடியள் எல்லோரையும் இறக்கினார்கள். எட்டேகால் பஸ்ஸை ஒருவரும் மறிக்கவில்லை. உங்களைக் குற்றம் சொல்லக்கூடாது என்று இத்தனை மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. மூன்றாவது வரி எழுதினால் அது வந்துவிடும் என்று பயம். இப்போது வந்துவிட்டது. குற்றம்தான் சொல்கிறேன்.

திறப்பைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்றீர்கள். கேட்காமல் இருப்பேனா? அது எந்த வீட்டுத் திறப்பு? சின்னதாக, புதிதாக இருக்கிறது. அங்கே வேறு வீடு பார்த்திருக்கிறீர்களா? அந்த வீட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா? அப்படியானால் அதை எனக்கு ஏன் அனுப்ப வேண்டும், விளங்கவில்லை. இன்னொன்றும் விளங்கவில்லை. பனிக்கட்டிக்கும் மாட்டுக்கும் வரி வரியாக எழுதிய மனிதர், கோயிலில் நாற்பத்தைந்து நிமிடம் நின்றதற்கு "பழையது" என்று ஒரு சொல்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் நேரக்காப்பாளரின் பெண்சாதி. பஸ் எங்கே நின்று சுணங்கியது என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்.

சனிக்கிழமை முகாமுக்குப் போனேன். வாசலில் மூன்று மணித்தியாலம். படம் என் செபப் புத்தகத்துக்குள் மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. சோதிக்கும்போது காவலில் நின்றவன் அதை வெளியே எடுத்து, என்ன இடம் என்று கேட்டான். எரிமலை என்றேன். அவனும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டான். செசில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்க வேண்டிய பத்து நிமிடத்தில் பாதி உங்கள் படத்துக்குப் போனது. மெலிந்துவிட்டான். தலை மொட்டை. முழங்கையில் சிரங்கு.

வேறு எழுத ஒன்றுமில்லை.

அற்புதமலர்


லா சப்பல், பாரிஸ்
06.08.1987

அன்பின் மலருக்கு,

கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை வாசித்தபோது கடை வாசலில் நின்றேன். ஆட்கள் போய்வந்தபடி இருந்தார்கள், நான் நகரவில்லை.

முதலில் சிறிய விஷயம். படத்தில் நான் சிரிக்கவில்லை. மலை உச்சியில் காற்று அப்படி. பல் கிட்டித்துவிட்டது. ரொபேர் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்கு அரை மணித்தியாலம் எடுத்தார்.

வேறு வீடு இல்லை. நாங்கள் ஆறு பேர் ஒரு அறையில் இருக்கிறோம். அதற்கு ஒரே திறப்பு, அது கூட இருக்கிற இராஜேந்திரன் கழுத்தில் தொங்குகிறது. உமக்கு அனுப்பியது அதுவல்ல. அதைச் சொன்னால் நேர்த்திக்கடன் பலிக்காது என்றுதான் சொல்லாமல் இருந்தேன். இனிச் சொல்லாமல் இருந்தால் உம்மை இழந்துவிடுவேன் என்று தோன்றுகிறது. ஆகவே சொல்கிறேன், மாதா பொறுத்துக்கொள்ளட்டும்.

எரிமலை பார்க்க நான் போகவில்லை, மலர். ரொபேர் ஒருநாள் பூசை முடிந்து வரும்போது சொன்னார். அந்த மலைநாட்டில் ஒரு மாதா கோயில் இருக்கிறது, அதன் வெளிச்சுவரில் கால்விலங்கும் சங்கிலியும் தொங்குகின்றன, சிறைப்பட்டவர்கள் மாதாவிடம் வேண்டிக்கொண்டு தொங்கவிட்டவை என்று. நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. மறுநாள் வேலை முடிந்து சைக்கிள் கடைக்குப் போய் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கினேன். வேறு விதமான சங்கிலி எங்கே விற்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேலே மஞ்சள் நிறத்தில் பிளாஸ்ரிக் உறை இருந்தது. கத்தியால் சீவிக் கழற்றினேன்.

அந்த நாற்பத்தைந்து நிமிடம் இப்படிப் போனது. சுவரில் மிக உயரத்தில் இரும்பு தொங்கியது. எட்டவில்லை. கீழே மழைத் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்த ஒரு வளையம் கண்ணில் பட்டது. அதில் சங்கிலியைக் கொழுவி, செசிலின் பெயர் சொல்லி, பூட்டைப் போட்டேன். திறப்பு உம்மிடம் இருக்கட்டும், அவன் வீட்டுப் படி ஏறிய அன்று நீர் திறப்பை எனக்கு அனுப்புவீர், நான் போய்த் திறந்து விடுவேன் என்று நானாகவே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். பிறகு முழங்காலில் நின்றேன். கால் மரத்துப் போய் ரொபேர்தான் தூக்கிவிட்டார்.

காரில் ஏறிய பிறகுதான் ரொபேர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க மடுத்தீன். விடுதலை ஆன பிறகு, அவங்க காலில கெடந்த விலங்கைக் கொண்டாந்து நன்றிக்குத் தொங்கவிடுவாங்க. நீங்க முன்னாடியே பூட்டிட்டீங்க." மலர், பிள்ளையை விடுவிக்கக் கேட்கப் போய், அவன் பெயர் சொல்லிப் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஏரிக்கரையில் அடுப்பு மூட்டியது, வள்ளம் பார்த்தது, இதெல்லாம் அதற்குப் பிறகு. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்தவை. திரும்பிப் போய்க் கழற்றலாம் என்றால் திறப்பு இருக்கிறது, ஆனால் நேர்த்தியை நடுவில் கழற்றலாமா என்று பயம். பாரிஸுக்கு வந்ததும் உமக்கே அனுப்பிவிட்டேன்.

போன கிழமை ரொபேரைக் கொண்டு அந்தக் கோயில் பங்குச் சுவாமியாருக்குப் பிரெஞ்சில் எழுதுவித்தேன். உடனே பதில் வந்தது. மணி அடிக்கிற முதியவர், யாரோ சைக்கிளில் சுற்றுலா வந்தவர் பூட்டை மறந்து விட்டுப் போய்விட்டார் என்று நினைத்து, இரும்பு அறுக்கிற வாள் கொண்டு அறுத்து எடுத்துவிட்டாராம். மறந்துபோன குடை, தொப்பி போடுகிற பெட்டிக்குள் இருக்கிறதாம். வந்து பெற்றுக்கொள்ளலாமாம். என் நேர்த்தி குடைகளோடு கிடக்கிறது.

இப்போது பெரிய விஷயம். 5.40 பஸ். நீர் எழுதியது உண்மை. ஒரு சொல்லும் மறுப்பதற்கில்லை. அந்த ரூட்டை நான் விட்டு வந்து மூன்று வருடம். பஸ் அதே பஸ்தான், ரோட்டில் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாரிஸில் இருந்துகொண்டு பெரிய ஆள்போல் நேரம் சொன்னேன். காலையில் மெற்றோ நிலையச் சுவர் மணிக்கூட்டில் ஐந்து நாற்பது ஆகும்போது நான் அங்கே நிற்பேன். கண்ணை மூடிக்கொள்வேன், ஐந்து நாற்பத்தொன்று ஆகும்வரை.

இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தாகியதில் இருந்து இங்கே தெருவெல்லாம் ஒரே பேச்சு. முகாம்களில் இருந்து விடுவார்கள் என்கிறார்கள். நான் ஒன்றையும் நம்பவில்லை, ஒன்றையும் நம்பாமலும் இல்லை.

திறப்பை நீர் எறிந்துவிட்டாலும் குறை இல்லை.

மடுத்தீன்


பேசாலை, மன்னார்
14.09.1987

இஞ்சாருங்கோ,

வந்துவிட்டான்.

வியாழக்கிழமை பின்னேரம் 6.20. நேரத்தைப் பார்த்து வைத்தேன், நீங்கள் கேட்பீர்கள் என்று. சந்தியில் பஸ் நின்ற சத்தம் கேட்டது. யாரோ வருகிறார்கள் என்று பார்த்தால் தெருவில் தில்லைநாயகி அக்கா, "ஐயோ மலர், ஓடி வா பிள்ளை!" என்று கத்துகிறா. நான் ஓடவில்லை. படியிலேயே இருந்துவிட்டேன். அவன்தான் வந்து என்னைத் தூக்கினான். கையில் ஒரு பை, அவ்வளவுதான். முதல் நாள் சோறு சாப்பிட்டுச் சத்தி எடுத்தான். இப்போது கஞ்சியும் மீன் சொதியும் இறங்குகிறது. சிரங்குக்கு வேப்பிலை அரைத்துப் பூசுகிறேன். சத்தமாகக் கதவு சாத்தினால் எழும்பி நிற்கிறான்.

உங்களுக்கு நான் ஒன்று ஒளித்தேன், அதை எழுத வேண்டும். ஆடி மாதம் முகாமில் அவன் உங்கள் படத்தைப் பார்த்து என்ன சொன்னான் என்று நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. "அப்பா சிரிக்கேல்லை அம்மா, அவருக்குக் குளிருது. கழுத்துக்கு ஒண்டும் கட்டேல்லை, பாருங்கோ" என்றான். எனக்கு ஆத்திரம் வந்தது. இப்படி அடைபட்டுக் கிடந்துகொண்டு அவருக்குக் குளிருதோ என்று பார்க்கிறானே என்று. அதனால் மறைத்தேன்.

அந்தப் படத்தை அவன் அன்றே காவலாளியிடம் கேட்டு, என்னிடம் இருந்து வாங்கி வைத்துக்கொண்டான். முப்பது பெடியள் ஒரு மண்டபத்துக்குள். எரிமலை பச்சையாக இருக்குமா இல்லையா என்று ஒரு கிழமை சண்டை பிடித்தார்களாம். ஒருவன் அது எரிமலையே இல்லை, நுவரெலியா என்று சொல்லிவிட்டானாம், அவனோடு இரண்டு நாள் ஒருவரும் கதைக்கவில்லையாம். வந்த மறுநாள், "அப்பா எழுதின கடுதாசி எங்கை?" என்று கேட்டான். நான் கிழிக்கவில்லை. கொடுத்தேன். இருந்து வாசித்தான். சோறு அரை அவியலில் இறக்கிய இடத்தில் சிரித்தான். பத்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். டிப்போ அறிக்கை என்று எழுதினதுக்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

சங்கிலிக் கதையையும் அவனுக்குச் சொன்னேன். அறுத்துவிட்டார்கள் என்று ஏன் கவலைப்படுகிறீர்கள்? அறுத்ததுதான் சரி. நீங்கள் அங்கே பூட்டிவிட்டுத் திறப்பை மன்னாருக்குத் தபாலில் போட்டால் மாதா பாவம் என்ன செய்வா? யாரையாவது வாளோடு அனுப்பத்தானே வேண்டும். அந்த மணி அடிக்கிற ஐயாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், பெயர் தெரியாமல். வசதிப்படும்போது ரொபேர் ஐயாவோடு போய் அதைப் பெட்டிக்குள் இருந்து எடுத்து, உயரத்தில் தொங்கவிடச் சொல்லிக் கேளுங்கள். இப்போது அது முறைதானே. கழுத்துக்கு ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. செபமாலையில் கோத்திருக்கிறேன். அதை அனுப்ப மாட்டேன்.

இனி ஒரு காரியம். செசிலின் பாஸ்போட் அலுவல் அப்படியே நிற்கிறது. அடுத்த மாதம் அவன் திரும்பவும் கொழும்புக்குப் போக வேண்டும். தில்லைநாயகி அக்கா எட்டேகால் பஸ் என்கிறா. பங்குச் சுவாமியாரோ, பஸ்ஸே வேண்டாம், யாரும் காரில் போனால் சேர்ந்து போகட்டும் என்கிறார். செசில் திண்ணமாகச் சொல்லிவிட்டான், "அப்பாட்டைக் கேட்டு எழுதுங்கோ" என்று.

கேட்கிறேன். எத்தனை மணி பஸ் என்று எழுதுங்கள். நீங்கள் எழுதுகிற பஸ்ஸில்தான் ஏற்றி விடுவேன்.

மலர்